தூக்கி உதற முடியுமா? கார்ப்பெட் ஒட்டும் முன் ஒரு பேச்சு

கார்ப்பெட் ஒட்ட ஒரு நாள் போதும். பிய்க்க இரண்டு நாள் ஆகும். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று இந்தப் பக்கத்து வீடுகளில் இருபது ஆண்டுகளாக இரண்டு வேலையையும் செய்து வருகிறேன். ஒட்டும்போது வீட்டுக்காரர் கூடவே நிற்பார், டீ வரும், பிள்ளைகள் புது கார்ப்பெட்டில் உருண்டு விளையாடும். பிய்க்கும்போது அந்த அறைப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அந்தத் தூசியில் நாங்களே மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வோம்.

போன தை மாதம் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. ஆறு வருடத்துக்கு முன்னால் படுக்கையறை முழுக்க, சுவருக்குச் சுவர் கார்ப்பெட் ஒட்டியிருந்தார்கள். நான் ஒட்டியதல்ல, ஆனால் நான் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். மூலையைக் கத்தியால் கீறித் தூக்கினோம். அடியிலிருந்த ஃபோம் கையோடு மாவாக உதிர்ந்தது. அதற்கும் கீழே மண். சாதாரணமாக இல்லை, கோலமாவைச் சலித்துக் கொட்டியது போல அத்தனை மெல்லிய செம்மண். கூட்டி அள்ளினால் ஒரு பக்கெட் நிறைந்தது. ஏசியிலிருந்து எப்போதோ தண்ணீர் ஒழுகிய இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம், பூஞ்சை வாடை. இத்தனைக்கும் அந்த அம்மா வாரம் இரண்டு முறை வேக்குவம் போடுகிறவர். “நான் தினம் இதுமேலதான் படுத்துப் புக் படிச்சேங்க” என்று வாசலில் நின்றே சொன்னார். அவர் வீட்டைச் சுத்தமாக வைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வேக்குவம் மேலே உள்ளதைத்தான் இழுக்கும். மண் கனமானது, நூல்களுக்கு நடுவே இறங்கி அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

அந்த மண் சும்மாவும் இருக்காது. நாம் மிதிக்க மிதிக்க அது நூலின் வேரை ரம்பம் போல அறுக்கும். கார்ப்பெட்டில் நடைபாதை மட்டும் சீக்கிரம் வழுக்கையாகிறதே, அதற்குக் கால் காரணமில்லை, மண்தான் காரணம். நம் ஊர் மண்ணைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்பத்துநான்காம் நெடுஞ்சாலையை ஒட்டி வீடு இருந்தாலோ, பக்கத்தில் கல் அறுக்கும் பட்டறை இருந்தாலோ, காலையில் துடைத்த ஜன்னலில் சாயங்காலம் பேர் எழுதலாம்.

பேச்சுக்கு வசதியாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லாவற்றையும் ‘கார்ப்பெட்’ என்றுதான் கேட்பார்கள். தொழிலில் இருக்கும் நாங்கள், ரோலிலிருந்து வெட்டி அறை முழுக்கப் பதிப்பதைத்தான் கார்ப்பெட் என்போம். ஓரம் கட்டி, தனித் துண்டாக விரிக்கிற, சுருட்டி எடுக்கிற எதுவும் ரக், அதாவது விரிப்பு. (பிளாட் வாங்கும்போது பத்திரத்தில் வருகிற ‘கார்ப்பெட் ஏரியா’ வேறு சங்கதி. அது அதிகமாக இருந்தால் சந்தோஷப்படுங்கள்.)

எது வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோய், உதறி, வெயிலில் போட உங்களால் முடியுமா? முடியாத எதையும் நம் வீட்டுத் தரையில் ஒட்டாதீர்கள் என்பது என் கட்சி. ஒட்டி ஆயிரம் ரூபாய் சம்பாதிக்கிறவன் இப்படிச் சொல்கிறானே என்று என் தம்பியே திட்டுவான்.

நாம் வீட்டில் புழங்குகிற விதம் அப்படி. சுவருக்குச் சுவர் கார்ப்பெட், குளிர் நாடுகளில் மரப்பலகைத் தரைக்கு மேல் வந்த வழக்கம். அங்கே தரையில் தண்ணீர் ஊற்றி மாப் போடுவதில்லை. நாம் தினம் ஈரத் துணியால் துடைக்கிறோம். ஹாலில் மாப் போடும்போது படுக்கையறை வாசலில் கார்ப்பெட்டின் ஓரம் தினம் தினம் நனைகிறது. அங்கிருந்துதான் பசை விடும், ஓரம் தூக்கும், நாற்றம் ஆரம்பிக்கும். அப்புறம் சாப்பாடு. தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், டிவி முன்னால் சாப்பிடுகிறோம். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியில் பழம் வெட்டாத வீடு உண்டா? பழச்சாறு சிந்தினால் நிறம்கூடப் போய்விடும், சர்க்கரை போகாது. அந்தப் பிசுபிசுப்பில் தூசி ஒட்டி, ஒரு மாதத்தில் அந்த இடம் மட்டும் கறுக்கும். அதற்குள் எறும்பு வந்து உங்களுக்கு இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

மஞ்சள் கறை இன்னும் மோசம். குழம்பு சிந்திய உடனே எல்லோரும் செய்வது சோப்பு போட்டுத் தேய்ப்பதுதான். தேய்த்ததும் மஞ்சள் ரத்தச் சிவப்பாகும். பயந்துபோய் போன் செய்வார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். சோப்பிலும் அதே காரம்தான் வேலை செய்கிறது. மஞ்சளுக்கு எதிரி வெயில். நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, விரிப்பை இரண்டு நாள் வெயிலில் போட்டால் கறை தானாக வெளிறும். ஒட்டிய கார்ப்பெட்டுக்கு வெயிலை எங்கிருந்து கொண்டு வருவது?

பூஜையறைப் பக்கம் கார்ப்பெட் ஒட்டச் சொன்னால் நான் ஒரேயடியாக மறுத்துவிடுவேன். சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் பாலிப்ராப்பிலீன். பிளாஸ்டிக் குடம், நாற்காலி வகையறாவின் ஒன்றுவிட்ட தம்பி. சுமார் 160 டிகிரியில் உருகிவிடும். சாம்பிராணிக் கரண்டியிலிருந்து ஒரு பொறி விழுந்தால் போதும், பொத்தல். கம்பளி கருகும், ஆனால் எளிதில் பற்றிக்கொண்டு எரியாது. இருந்தாலும் விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி புழங்குகிற இடத்தில் கம்பளியும் வேண்டாம்.

தரைக்கு வருவோம். இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு கிரானைட். கல் நம் ஊரிலேயே கிடைக்கிறது, வீட்டுக்காரரும் ஆசைப்பட்டு நல்ல கல்லாகத் தேர்ந்தெடுத்து, பாலீஷ் போட்டு இழைத்திருப்பார். அதன்மேல் பசையைத் தடவி கார்ப்பெட்டை ஒட்டினால், பிற்பாடு அந்தப் பசையைச் சுரண்டி எடுப்பதற்குள் பாலீஷ் போய்விடும். வெளிர் நிறக் கல்லாக இருந்தால் பசை கல்லுக்குள் இறங்கித் திட்டுத் திட்டாக நிற்கும். பசை வேண்டாம் என்றால் சுவரோரம் ஆணிப்பட்டை அடிக்க வேண்டும், அதற்குக் கல்லில் துளை போட வேண்டும். இரட்டைப் பக்க டேப் ஒன்றுதான் கொஞ்சம் பரவாயில்லை. அதுவும் வெயில் காலத்தில் இளகி, கோந்து போலத் தரையில் தங்கும்.

கீழ்த்தளமாக இருந்தால் ஈரத்தையும் பார்க்க வேண்டும். புது வீட்டில் கான்கிரீட்டும் பூச்சும் முழுசாகக் காய மாதக் கணக்கில் ஆகும். கிரகப்பிரவேசத்துக்கு முன்பே கார்ப்பெட் போட்டுவிடச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். போட்டால் தரையின் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடியிலேயே புழுங்கும். கிரானைட் ஈரம் காட்டாது என்று நினைக்காதீர்கள், கல்லுக்குக் கல் இருக்கிற இணைப்பு வழியாக ஈரம் ஏறும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒன்றரை அடி சதுரத்துக்கு ஒரு கெட்டி பிளாஸ்டிக் தாளை எடுத்து, இணைப்பு நடுவில் வருகிறாற்போலத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். சாயங்காலம் ஒட்டினால் மறுநாள் காலை பத்து மணிக்குப் பிரித்துப் பாருங்கள், சுமார் பதினாறு மணி நேரம். உள்பக்கம் நீர் முத்து பூத்திருந்தால் அங்கே கார்ப்பெட்டும் வேண்டாம், ரப்பர் அடிப்பாகம் உள்ள விரிப்பும் வேண்டாம்.

சளி, இருமல், வீசிங் உள்ள குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு வார்த்தை. வீட்டுத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் உண்டு, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். நம் உடம்பிலிருந்து உதிர்கிற தோல் துகள்தான் அவற்றுக்குத் தீனி. கடிக்காது, அதன் எச்சம்தான் பலருக்கு ஒவ்வாமையைக் கிளப்புகிறது. காற்றில் ஈரப்பதம் கூடினால் பெருகும், ஐம்பது சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் காய்ந்து சாகும். ஐப்பசி கார்த்திகையில் ஜன்னலைச் சாத்தி, ஈரம் ஏறிய கார்ப்பெட் அறையில் குழந்தையைப் படுக்க வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் “டாக்டர் கார்ப்பெட்டை எடுத்துடச் சொல்லிட்டாருங்க” என்று என்னைக் கூப்பிட்ட வீடுகள் நிறைய. எடுத்துவிட்டு விரிப்பு போடலாமா என்று உடனே அடுத்த கேள்வி கேட்பார்கள். அந்த அறையில் அதுவும் வேண்டாம், வெறும் தரை போதும். ஆசைக்கு ஒரு மெல்லிய பருத்தி ஜமக்காளம் விரிக்கலாம், வாரா வாரம் துவைக்க முடிந்தால்.

அதற்காக கார்ப்பெட்டே ஆகாது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஓசூரும் தளியும் மார்கழியில் எப்படிக் குளிரும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், காலையில் கிரானைட்டில் காலை வைத்தால் உச்சந்தலை வரை ஏறும். மாடியில், குழாய் இல்லாத, சாப்பாடு வராத, வேக்குவம் கிளீனர் உள்ள வீட்டில் ஒரு படுக்கையறைக்கு ஒட்டிக்கொள்ளலாம். வீட்டில் சினிமா பார்க்கத் தனி அறை கட்டுகிறவர்களுக்கு எதிரொலி அடங்க கார்ப்பெட் நன்றாக உதவும். வீட்டிலேயே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது கார்ப்பெட் டைல். ஐம்பது சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாக வரும். காபி கொட்டிய துண்டை மட்டும் எடுத்து வேறு போடலாம், வாங்கும்போதே ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வையுங்கள். ஒட்டியவுடன் புது வாடை அடிக்கும், பின்பக்க லேட்டக்ஸ் பசையிலிருந்து வருவது. இரண்டு மூன்று நாள் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் பிறகு படுங்கள்.

ரோல் கணக்கு மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், ஏமாறாமல் இருக்கலாம். ரோல் பெரும்பாலும் பன்னிரண்டு அடி அகலத்தில் வரும். உங்கள் அறை 11க்கு 14 என்றால் 154 சதுர அடி, ஆனால் வெட்டுவது 12க்கு 14, அதாவது 168. அந்தக் கூடுதல் பதினான்கு சதுர அடிக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். அறை பதின்மூன்று அடி அகலமாக இருந்தால் நடுவில் ஒட்டு வரும். அந்த ஒட்டு வாசல் நடைக்கு நேராக வரக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள், பிற்பாடு அங்கேதான் பிரியும்.

சரி, அப்படியானால் விரிப்பு வாங்கிவிட்டால் கவலை விட்டதா? இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

கடையில் மீதமான துண்டு ஒன்றை, இரண்டுக்கு மூன்று அடி, ஓரம் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்தேன். குளியலறை வாசலில் போட்டேன். பின்பக்கம் வழவழ துணி, கீழே பாலீஷ் போட்ட கல். அம்மாவுக்கு அப்போது எழுபத்தொரு வயது. ஈரக் காலோடு வெளியே வந்து அதில் காலை வைத்தார், விரிப்பு அவரோடு சேர்ந்து நழுவியது. வலது மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் கட்டு. அந்த ஆறு வாரமும் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. “நீ ஆசையாக் கொண்டுவந்த, நான்தான் பாக்காம மிதிச்சிட்டேன்” என்றார். ஊரார் வீட்டுக்கெல்லாம் விரிப்புக்கு அடியில் நழுவாத ரப்பர் வலை போட்டுக் கொடுக்கிறவன், சொந்த வீட்டில் சோம்பேறித்தனத்தால் போடவில்லை.

விழுவது சின்ன விஷயமில்லை. உலகம் முழுக்க விபத்தாக நேரும் காயச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் தவறி விழுவதற்குத்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர், அதிலும் அறுபது வயதைக் கடந்தவர்கள்தான் அதிகம். வீட்டில் ஆயா, தாத்தா இருந்தால் சின்னச் சின்ன விரிப்புகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். கால் மிதியாக இருந்தால் அடியில் முழுக்க ரப்பர் உள்ளதாக வாங்குங்கள். பெரிய விரிப்புக்கு அடியில் நழுவாத வலையை விரிப்பைவிடச் சுற்றிலும் ஓர் அங்குலம் குறைவாக வெட்டிப் போட வேண்டும். சமமாக வெட்டினால் ஓரம் மேடு தட்டி அதுவே தடுக்கும். தரையில் வினைல் ஷீட் ஒட்டியிருந்தால் ரப்பர் வலை போடாதீர்கள், மஞ்சள் கறை விழும், அதைத் துடைத்து எடுக்க முடியாது. வாக்கர் வைத்து நடப்பவர் இருக்கும் அறையில் நீள நூல் விரிப்பு கூடவே கூடாது. சுருண்ட மூலையை ஈரத் துணி வைத்து, எதிர்ப்பக்கமாக மடித்து, மேலே அம்மிக்கல்லோ அகராதியோ ஒரு நாள் வையுங்கள். அப்படியும் அடங்காத விரிப்பை மாடிக்கு அனுப்பிவிடுங்கள்.

மாடிப்படி மட்டும் விதிவிலக்கு. அங்கே தனித் துண்டாகப் போடுவதுதான் ஆபத்து. போடுவதென்றால் படியோடு இறுக ஒட்டியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எதுவும் போடாதீர்கள்.

விரிப்பு வாங்கும்போது முன்பக்கத்தைப் பார்த்து மயங்காதீர்கள், புரட்டிப் பாருங்கள். கையால் முடிச்சுப் போட்டதென்றால் முன்னால் உள்ள பூவும் கொடியும் பின்னாலும் அப்படியே, ஒவ்வொரு முடிச்சாகத் தெரியும். ஓரத்துக் குஞ்சம் பாவு நூலின் தொடர்ச்சியாக இருக்கும், தைத்து ஒட்டியதாக இருக்காது. பின்னால் கெட்டித் துணி ஒட்டி மூடியிருந்தால் அது டஃப்டட், நூலை லேட்டக்ஸ் பசையில் பிடித்து வைத்தது. அதுவும் கெட்ட சரக்கல்ல, ஆனால் சில வருடத்தில் பசை காய்ந்து அடியில் வெள்ளையாக மாவு கொட்டும். விலை அதற்கேற்ப இருக்க வேண்டும். உத்தரப்பிரதேசத்து பதோகியின் கைமுடிச்சுக் கம்பளத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு. பைக்கில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, ‘காஷ்மீர் சரக்கு’ என்று சொல்லி, கேட்ட விலையில் கால் பங்குக்கு இறங்கி வருவது அந்தக் கைமுடிச்சு வகையாக இருக்க வாய்ப்பில்லை.

நூலில் சந்தேகம் இருந்தால் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். முடி பொசுங்குகிற வாடை வந்து, சாம்பல் விரலில் நசுங்கினால் கம்பளி. உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் பிளாஸ்டிக் நூல். காகிதம் எரிகிற வாடை என்றால் பருத்தி, அல்லது விஸ்கோஸ். இந்த விஸ்கோஸ்தான் ‘பேம்பூ சில்க்’, ‘ஆர்ட் சில்க்’ என்று பல பெயரில் பளபளப்பாக வருகிறது. பார்க்க ராணி. தண்ணீர் பட்டால் பலம் இழக்கும், பட்ட இடம் மஞ்சளாகும், மினுமினுப்பு போகும். குழந்தை உள்ள வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் கதை முடிந்தது. ஆள் வராத கடையில் மாட்டுகிற சாமான் அது என்று எங்கள் கடைப் பையன் சொல்வான்.

தருமபுரிக்காரர்கள் இவ்வளவு தூரம் அலைய வேண்டியதும் இல்லை. பவானி ஜமக்காளம் ஈரோடு மாவட்டத்தில்தான் நெய்கிறார்கள், அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. கெட்டிப் பருத்தி நூல், பட்டை பட்டையாக நிறம், பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம், களி சிந்தினாலும் காய்ந்ததும் உதறினால் உதிர்ந்துவிடும். சோபாவுக்கு முன்னால் போட்டால் ‘கல்யாண வீடு மாதிரி இருக்கு’ என்று மருமகள்கள் சொல்கிறார்கள். இருக்கட்டுமே. முதல் இரண்டு சலவையில் சாயம் போகும், தனியாக நனையுங்கள்.

அளவுக்கு ஒரு வழி. கடைக்கு வரும் முன் 5க்கு 7, 6க்கு 9 என்று அந்த அளவில் தரையில் கோலமாவால் கோடு இழுத்துப் பாருங்கள். சோபாவின் முன்னங்கால் இரண்டும் கோட்டுக்குள் வர வேண்டும். அப்போது சோபாவின் கனமே விரிப்பை நகராமல் பிடித்துக்கொள்ளும். கதவு திறக்கும் வட்டத்தையும் வரைந்து பாருங்கள். இதைச் செய்யாமல் வாங்கி, கதவின் அடியை இழைத்தவர்கள் உண்டு.

துவைக்கிற விஷயத்தில் நம் ஊர் போர் தண்ணீர்தான் வில்லன். பக்கெட்டில் வெள்ளைப் படிவு விடுகிற தண்ணீர் விரிப்பையும் விடாது. காய்ந்ததும் கம்பளி அட்டை போல விறைக்கிறதே, அது உப்புதான், சோப்பும் சரியாக அலசுப்படாது. கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு பக்கெட் தண்ணீருக்கு அரை டம்ளர் வெள்ளை வினிகர். கம்பளியைச் சுடுதண்ணீரில் போடாதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், கொடியில் மடித்துத் தொங்கவிடாதீர்கள். கட்டில் சட்டத்தின்மேல் தட்டையாக, முகம் கீழே இருக்கும்படி போட்டுக் காயவையுங்கள். கடும் வெயில் முகத்தில் நாள் முழுக்கப் பட்டால் சாயம் மங்கும். சுருட்டி வைக்கும்போது நாப்தலீன் உருண்டையும் காகிதமும் போதும், பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே ஒட்டிவிட்டவர்களுக்கு: இன்றே பிய்க்க வேண்டும் என்றில்லை. ஒரு மூலையில் கட்டிலுக்கு அடியில் கையகலம் தூக்கிப் பாருங்கள். ஃபோம் உதிராமல், வாடை இல்லாமல், தரை உலர்ந்திருந்தால் இன்னும் சில வருடம் ஓட்டலாம். பிய்ப்பதானால் முந்தைய நாள் இரவே தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் லேசாக ஈரப்படுத்தி வையுங்கள், தூசி அடங்கும். முழு அறையையும் ஒரே துண்டாகத் தூக்காதீர்கள், இரண்டடிப் பட்டைகளாகக் கீறிச் சுருட்டுங்கள். வீசிங் உள்ளவர்களை அன்று உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கல்லில் நிற்கிற பசைக்குத் தின்னர் ஊற்றும் முன் ஒரு மூலையில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு உளியை எடுக்கிற ஆளை அப்படியே நிறுத்தி, பிளாஸ்டிக் சுரண்டியைக் கொடுங்கள்.